பையைக் கழற்றிய நாள்

போர்ட் பிளேர்
4-5-2025

சேசு மரி சூசை

அன்புள்ள மாமா அவர்களுக்கு,

ரெமிஜியஸ் எழுதுவது. நான் இங்கே சுகம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். விசாரிப்பை இதோடு நிறுத்திக்கொள்கிறேன், ஏனென்றால் எனக்குக் கோபம் வந்து மூன்று நாளாகிறது.

கடல் மீன் தொட்டியின் வடிகட்டிப் பையைக் கழற்றிவிட்டீர்களாமே?

பக்கத்து வீட்டு அகிலாண்டம் அம்மாவிடம் போனில் கேட்டேன். "ரெண்டு வாரமாச்சு தம்பி, பெரியவரு கழட்டிக் கொடியில போட்டுட்டாரு" என்றார்கள், ஏதோ துண்டைக் காயப்போட்டதைப் போல. உங்களிடமே கேட்கலாம் என்றால் போன ஞாயிறு நடந்ததுதான் மறுபடி நடக்கும். உங்கள் காதில் விழ வேண்டும் என்று இருபது நிமிடம் நான் கத்தினேன். நீங்கள் "எல்லாரும் சௌக்கியம்" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். மாடியிலிருந்து வீட்டுக்காரர் இறங்கிவந்து, யாரோடு சண்டை என்று கேட்டார். ஆகவே கடிதம்.

மறுபடியும் சொல்கிறேன். மேலே இருக்கிற நாலடித் தொட்டியிலிருந்து தண்ணீர் குழாய் வழியாக அலமாரிக்குள் இருக்கும் கீழ்த்தொட்டிக்கு இறங்குகிறது. இறங்கும் இடத்தில்தான் அந்த வெள்ளைப் பை. மீன் கழிவு, தின்னாத தீனி, பாறையிலிருந்து உதிர்கிற கசடு எல்லாம் அதில் தங்கும். தங்காவிட்டால் தண்ணீரிலேயே அழுகும். அழுகினால் பவளம் செத்துப்போகும். அமலாவின் நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. பதினான்காம் பக்கத்தை அப்படியே எழுதுகிறேன்: "பை இல்லாமல் ஒரு நாளும் ஓட்டக் கூடாது. மூன்று நாளைக்கு ஒரு முறை கழுவி, வெயிலில் காயவைத்து மாற்ற வேண்டும்." கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறாள். அவள் எதற்கும் இரண்டு கோடு போடுகிறவள் இல்லை.

அமலா போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. எங்களுக்குப் பிள்ளையும் இல்லை. அவள் கை வைத்து வளர்த்ததில் உயிரோடு மிச்சம் இருப்பது அந்தப் பச்சைப் பவளமும் இரண்டு மீனும்தான். உங்களால் முடியவில்லை என்றால் சொல்லிவிடுங்கள், தப்பில்லை, எண்பத்தொரு வயது. தஞ்சாவூரில் மீன் கடை வைத்திருக்கும் ராஜராஜன் தொட்டியோடு எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். அவரிடமாவது அது பிழைத்துக்கிடக்கும்.

பையை மாட்டிவிட்டுப் பதில் போடுங்கள்.

ரெமிஜியஸ்


மன்னார்குடி
15-5-2025

சேசு மரி சூசை

மாப்பிள்ளை ரெமிஜியஸ் அவர்களுக்கு மாமன் சவரியப்பன் எழுதிக்கொள்வது.

கையெழுத்து அகிலாண்டம்மாவுடையது, வார்த்தை என்னுடையது. "நான் சொல்றத சொல்றபடி எழுதுங்க" என்றால், "கடுதாசின்னா கடுதாசி மாதிரி இருக்கணும், முப்பது வருஷம் ரேஷன் கடையில பில் எழுதுனவ நான்" என்கிறார். ஆகையால் இதில் மரியாதை கூடுதலாகத் தெரிந்தால் அது அவருடையது.

பையைக் கழற்றினது நான்தான். நீங்கள் கப்பல் ஏறின நாளிலிருந்து இருபத்திரண்டு தடவை அதைக் கழுவினேன். செத்த நண்டு நாற்றம். மூன்று நாளுக்கு ஒரு தடவை என்கிறீர்கள், அது இரண்டாம் நாளே அடைத்துக்கொண்டு வாயால் வழிகிறது. பிடித்த அசிங்கம் அத்தனையும் பைக்குள்ளேயே கிடக்கிறது, வருகிற தண்ணீர் அதன் மேலேயே விழுந்து அதைக் கரைத்துக்கொண்டு போகிறது. சாக்கடை வாயில் துணி கட்டிவிட்டுச் சாக்கடை சுத்தமாகிவிட்டது என்று சொல்வீர்களா?

பாமணி ஆற்றில் முப்பத்திநாலு வருஷம் லஸ்கராக இருந்து மதகுப் பலகை ஏற்றி இறக்கினவன் நான். தண்ணீர் என்றால் அதில் ஏதாவது வர வேண்டும். வண்டல் இல்லாத தண்ணீர் வயலை நனைக்கும், வயிற்றை நிரப்பாது. அந்தப் பவளத்தைப் பாருங்கள், இடியாப்பம் பிழிந்த மாதிரி விரல்களை நீட்டிக்கொண்டு நாள் பூரா எதற்குக் கை ஏந்துகிறது? தண்ணீரில் வருகிற தூசு துரும்புக்கு. அதைப் பை பிடித்துக்கொண்டால் அது என்ன தின்னும்? கடலில் யார் பை கட்டியிருக்கிறார்கள்?

இன்னொன்று. இது என் புத்தி இல்லை. என் மகள் அமலோற்பவமே பையைக் கழற்றிவிட்டாள். அவள் போவதற்கு முந்தின வருஷம், வேளாங்கண்ணியில் கொடி இறங்கின மறுநாள், சனிக்கிழமை. நீங்கள் திருநெல்வேலி பேங்க் கிளையிலிருந்து வர வேண்டிய சனிக்கிழமைதான், ஆனால் வரவில்லை, ஆடிட் என்று சொன்னீர்கள். நான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அவள் சாம்பல் நிற நைட்டி போட்டுக்கொண்டு, அலமாரிக்கு முன்னால் மணை போட்டு உட்கார்ந்து பையைக் கழற்றினாள். "அப்பா, இது இல்லாமயே விட்டுப் பாப்போம்" என்றாள். விரல்கொத்து ஒன்றுக்கு ஒரு தலை என்று எண்ணினால், அன்றைக்குப் பவளத்தில் பதினொரு தலை. நான் சுவரில் கரிக்கோடு போட்டு வைத்திருக்கிறேன். இன்றைக்குப் பதினேழு.

ராஜராஜனை வரச்சொல்லி மிரட்ட வேண்டாம்.

சவரியப்பன்

(எழுதுகிறவள் குறிப்பு: சுவரில் கரிக்கோடு இருப்பது உண்மை. அவர் கோடு போடுவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் வெள்ளையடித்தது. - அகிலாண்டம்)


போர்ட் பிளேர்
25-5-2025

மாமா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறை இன்னும் கோபம் வந்தது.

வயலுக்கு வண்டல் நல்லதுதான். நாலடிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வண்டலுக்குப் பெயர் அசிங்கம். இந்தப் பெட்டிக்குக் கீழே வடிகால் கிடையாது, மாமா. போட்டது அத்தனையும் உள்ளேதான் சுற்றிக்கொண்டிருக்கும்.

அமலா கழற்றினாளாம். நோட்டை முதல் அட்டையிலிருந்து கடைசி அட்டை வரை புரட்டினேன். அப்படி ஒரு வரி இல்லை. பால்காரர் ஒரு நாள் வராவிட்டால் காலண்டரில் குறித்து வைக்கிறவள், இவ்வளவு பெரிய மாற்றத்தை எழுதாமல் செய்வாளா? உப்பு எவ்வளவு, மீனுக்குத் தீனி எத்தனை சிட்டிகை, எந்த மோட்டார் எந்தத் திசையைப் பார்க்க வேண்டும் எல்லாம் எழுதியிருக்கிறாள். எழுதியதுதான் நிற்கும். ஞாபகம் அவரவர் சௌகரியத்துக்கு வளையும். எழுதப் படிக்கத் தெரிந்திருந்தால் உங்களுக்கே இது புரிந்திருக்கும்.

மேலே உள்ள வரியை அடித்துவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். அடித்தால் அகிலாண்டம் அம்மா வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படித்துச் சொல்லிவிடுவார்கள். அப்படியே இருக்கட்டும். மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் பையை மாட்டுங்கள்.

ஜூன் முப்பதுக்குள் பை மாட்டிய சேதி வராவிட்டால் ராஜராஜன் வண்டியோடு வருவார். பேசிவிட்டேன்.

ரெமிஜியஸ்


மன்னார்குடி
5-6-2025

மாப்பிள்ளைக்கு,

அகிலாண்டம்மா அந்த வரியை முதலில் படிக்காமல் தாண்டினார். தாண்டினது எனக்குத் தெரிந்துவிட்டது. படிக்கச் சொன்னேன்.

உங்கள் கல்யாணம் 1998, தை மாசம், நீடாமங்கலத்தில். மழை இல்லாத நாளில் மழை பெய்தது. நீங்கள் இடது கையில் கட்டியிருந்த கடிகாரம் பத்து இருபதில் நின்றுபோயிருந்தது. சாமியார் நேரம் கேட்டதற்கு அதைப் பார்த்துச் சொன்னீர்கள், அவரும் நம்பி அவசரம் இல்லாமல் பிரசங்கம் வைத்தார், சாப்பாட்டுப் பந்தி மூன்று மணிக்குப் போயிற்று. உங்கள் அப்பா இரண்டாம் பந்தியில் உட்கார்ந்தார், ரசம் இல்லை என்று கோபித்துக்கொண்டார். ரசம் இருந்தது. அவருடைய இலைக்கு வரவில்லை, அவ்வளவுதான். இது எந்த நோட்டில் இருக்கிறது?

எழுதத் தெரிந்தவர் எழுதி வைத்துவிட்டு மறந்து போகலாம். எனக்கு அந்த வசதி கிடையாது.

மதகில் தண்ணீர் எத்தனை அடி ஏறினது, எந்தப் பலகையை எத்தனை விரல் தூக்கினேன் என்று ராத்திரி பகல் மனசில் வைத்திருந்து காலையில் ஓவர்சியரிடம் சொல்வேன். அவர் எழுதிக்கொள்வார். முப்பத்திநாலு வருஷத்தில் ஒரு தடவைகூட என் கணக்கு தப்பு என்று கடைமடைக்காரன் சண்டைக்கு வரவில்லை. அவர் எழுதினது தப்பு என்று இரண்டு தடவை வந்தார்கள்.

பவளத்தில் நேற்றுப் புதுத் தலை ஒன்று முளை விட்டிருக்கிறது. பதினெட்டு. பை இல்லாமல்.

மேட்டூர் பன்னிரண்டாம் தேதி திறக்கிறார்களாம்.

சவரியப்பன்


போர்ட் பிளேர்
17-6-2025

மாமா அவர்களுக்கு,

கடிகார விஷயம் யாருக்கும் தெரியாது என்று இருபத்தேழு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். சரி, விடுங்கள்.

போன ஞாயிறு எங்கள் கிளையில் வேலை பார்க்கிறவர்களோடு அடியில் கண்ணாடி வைத்த படகில் போனேன். நானாகப் போகவில்லை, இழுத்துக்கொண்டு போனார்கள். கீழே பவளம் ஊர் மாதிரி பரந்து கிடக்கிறது. தண்ணீரில் தூசு பறந்துகொண்டே இருந்தது, மார்கழிப் பனி மாதிரி. சின்ன மீன்கள் அதைக் கொத்திக்கொண்டிருந்தன. யாரும் பை கட்டவில்லை. ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் மாமா, அது கடல். ஒரு மீன் செத்தால் அதைத் தின்ன ஆயிரம் வாய். நம் தொட்டியில் இரண்டு மீனும் நாலு நத்தையும். இந்த வித்தியாசத்தை உங்களுக்கு எப்படிச் சொன்னால் ஏறும் என்று எனக்குத் தெரியவில்லை. எரிச்சலாக இருக்கிறது.

ஜூலை கடைசி வரைக்கும் பொறுக்கச் சொல்லி ராஜராஜனிடம் சொல்லியிருக்கிறேன். பதினெட்டாவது தலைக்காக.

பையை மாட்டாவிட்டாலும் ஒன்றை மட்டும் மறக்காமல் செய்யுங்கள். வெயிலில் தண்ணீர் வற்றும், உப்பு வற்றாது. வற்றின அளவுக்கு உப்பில்லாத தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். உப்புத் தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள்.

ரெமிஜியஸ்


போர்ட் பிளேர்
2-7-2025

மாமா அவர்களுக்கு,

உங்களிடமிருந்து பதில் இல்லை. கோபம் என்று எடுத்துக்கொள்கிறேன். அகிலாண்டம் அம்மாவுக்குப் போன் போட்டால், "எல்லாம் இருக்கு தம்பி, பெரியவரே எழுதுவாரு" என்று அவசரமாக வைத்துவிடுகிறார்கள்.

நேற்று மறுபடி நோட்டை எடுத்தேன். உங்களுக்குக் காட்டுவதற்காகப் பதினான்காம் பக்கத்தைப் படம் எடுக்கப்போனேன். அப்போதுதான் மேல் மூலையில் தேதியைப் பார்த்தேன். 2016 ஆகஸ்ட். தொட்டி வாங்கிய இரண்டாம் மாதம். அடுத்தடுத்த பக்கங்களைப் பார்த்தேன். கடைசியாக எழுதியது 2021 பிப்ரவரி. அதற்குப் பிறகு மூன்று வருஷம் அவள் தொட்டியைப் பார்த்திருக்கிறாள், ஒரு வரி எழுதவில்லை. எழுதித் தெரிந்துகொள்ள அவளுக்கு ஒன்றும் மிச்சமில்லை போலிருக்கிறது.

அந்த மூன்று வருஷமும் நான் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை வந்துபோனவன். வராத சனிக்கிழமையும் உண்டு. அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தது நீங்கள்.

நீங்கள் சொன்னது சரி. அவள் கழற்றியிருப்பாள். பை வேண்டாம். அவள் விட்டுவிட்டுப் போனபடியே இருக்கட்டும்.

ரெமிஜியஸ்


மன்னார்குடி
3-7-2025

சேசு மரி சூசை

மாப்பிள்ளைக்கு,

இதை எழுத இத்தனை நாள் ஆனதற்குக் காரணம், என்ன ஆகும் என்று தெரியாமல் எழுதப் பிடிக்கவில்லை.

ஜூன் இருபத்திரண்டாம் தேதி, ஞாயிறு, பூசை முடிந்து வரும்போது ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. லஸ்கராக இருந்த காலத்தில், புதுத்தண்ணீர் என் மதகைத் தொட்டதும் முதல் குடத்தை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவேன். கிணற்றில் கொஞ்சம், மாட்டுத் தொட்டியில் கொஞ்சம், அவரைக் கொடிக்குக் கொஞ்சம். அமலோற்பவம் சின்னப் பிள்ளையில் செம்பை ஏந்திக்கொண்டு பின்னாலேயே வருவாள். அன்றைக்கும் அரைக் குடம் தூக்கிவந்தேன். இந்த வீட்டில் கிணறும் இல்லை, மாடும் இல்லை.

தொட்டியில் நாலு விரல் வற்றியிருந்தது. கேன் தண்ணீர் தீர்ந்திருந்தது. உப்பில்லாத தண்ணீர் ஊற்று என்று நீங்கள்தான் சொல்லியிருந்தீர்கள். காவேரியில் உப்பு கிடையாது.

ஊற்றிவிட்டேன்.

டீக்கடை டீ மாதிரி ஆகிவிட்டது. நுரை எடுக்கிற மிஷின் பொங்கித் தரையெல்லாம் வழிந்தது. பவளம் விரல்களை உள்ளே இழுத்துக்கொண்டது, வெறும் எலும்புதான் தெரிந்தது. மீன் இரண்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அகிலாண்டம்மா வந்து பார்த்து, "என்னத்த ஊத்துனீங்க, சொல்லுங்க, என்னத்த ஊத்துனீங்க" என்று கேட்டார். வெறும் குடத்தைக் காட்டினேன்.

அப்புறம் போய்க் கொடியிலிருந்து பையை எடுத்து வந்து மாட்டினேன்.

அரை மணி நேரத்தில் அடைத்து வழிந்தது. கழுவி மாட்டினேன். மறுபடி வழிந்தது. அலமாரி அடியில் அவள் வைத்திருந்த பழைய பை இரண்டு கிடந்தது, ஒன்றில் ஓட்டை, பச்சை நூல் போட்டுத் தைத்திருந்தாள். மூன்றையும் மாற்றி மாற்றி, ஒன்று தொட்டியில், ஒன்று என் கையில், ஒன்று அகிலாண்டம்மா கையில். என்னைத் திட்டிக்கொண்டேதான் கழுவினார். மூன்று நாள். பை இல்லாவிட்டால் அந்தக் கலங்கல் இறங்கியிருக்காது. கல் மேலேயும் பவளத்து மேலேயும் படிந்து உட்கார்ந்திருக்கும்.

நீங்கள் சொன்னது சரி. வடிகால் இல்லாத பெட்டி அது. பையை இனி கழற்றுவதில்லை. அவள் இரண்டு கோடு போட்டதற்குக் காரணம் இருக்கிறது.

மீன் இரண்டும் இருக்கின்றன. பவளம் பற்றி இப்போது ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. சில தலை பழுப்பாகிக் கரைகிறது. ராஜராஜனை வரச்சொல்வதென்றால் சொல்லுங்கள். நான் ஒன்றும் பேச மாட்டேன்.

சவரியப்பன்

(பெரியவர் நாலு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. திட்டி எழுத வேண்டாம். திட்டுவது நான் முடித்துவிட்டேன். - அகிலாண்டம்)


போர்ட் பிளேர்
12-7-2025

மாமா,

நம் கடிதங்கள் நடுக்கடலில் ஒன்றை ஒன்று தாண்டிப் போயிருக்கின்றன. நான் பை வேண்டாம் என்று எழுதிய மறுநாள் நீங்கள் பை வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு மாதம் சண்டை போட்டு, ஆளுக்கொரு பக்கம் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறோம். தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

புதுத்தண்ணீரைப் பற்றி எழுதிய இடத்தைப் படித்தபோது முதலில் கத்தினேன். வீட்டுக்காரர் மறுபடி இறங்கி வந்தார். உப்பில்லாத தண்ணீர் என்று எழுதிய கை என்னுடையதுதான். கேன் தண்ணீர் என்று எழுதியிருக்க வேண்டும். மன்னார்குடியில் ஜூன் மாதம் தண்ணீர் என்றால் எது என்று எனக்கு இத்தனை வருஷத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

அவளைக் கேட்க முடியாது. நோட்டு ஒன்று சொல்கிறது, உங்கள் ஞாபகம் ஒன்று சொல்கிறது. மாட்டுவதா, கழற்றுவதா? எத்தனை தலை மிச்சம் என்றாவது எழுதுங்கள். எதுவானாலும் எழுதுங்கள்.

ரெமிஜியஸ்


மன்னார்குடி
22-7-2025

சேசு மரி சூசை

மாப்பிள்ளைக்கு,

ராஜராஜன் வந்தார். நீங்கள் சொல்லி வந்தாரா, தானாக வந்தாரா தெரியாது. வண்டி கொண்டுவரவில்லை. அரை மணி நேரம் குனிந்து நிமிர்ந்து பார்த்தார். "மாட்டணுமா, கழட்டணுமா, அத மட்டும் சொல்லுங்க" என்றேன். "மாட்டுனா கழுவணும் பெரியவரே. கழட்டுனா மணல்ல தங்குற கசட கொழாய வச்சு உறிஞ்சி எடுக்கணும். ரெண்டுக்கும் ஆள் வேணும். ஆள் இல்லேன்னா எது பண்ணுனாலும் செத்துரும்" என்றார். இதைச் சொல்வதற்கு எதற்குத் தஞ்சாவூரிலிருந்து வர வேண்டும்? காப்பி குடித்துவிட்டுப் போய்விட்டார். தொட்டியைக் கேட்கவில்லை.

ஏழு தலை போய்விட்டது. கரைந்ததைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்தேன், பக்கத்துத் தலைக்குப் பரவக் கூடாது என்று. அவள் ஒரு தடவை அப்படிச் செய்ததைப் பார்த்திருக்கிறேன். மிச்சம் இருக்கிறது முந்தாநாள் காலையில் விரல் நீட்டிவிட்டது. அகிலாண்டம்மாவையும் எண்ணச் சொன்னேன். அவருக்கும் பதினொன்று. அவள் பையைக் கழற்றின நாளில் எத்தனையோ அத்தனை.

இனி நான் ஒன்று சொல்ல வேண்டும். அகிலாண்டம்மா, இதைத் திருத்தாமல் எழுதுங்கள்.

அந்தச் சனிக்கிழமை அவள் பையைக் கழற்றினாள். அது நிஜம். ஆனால் தூக்கி எறியவில்லை. துவைத்தாள், உதறினாள், அலமாரிக் கதவுக்கு உள்பக்கம் ஓர் ஆணி இருக்கிறது, அதில் மாட்டினாள். அப்புறம் மணலைக் கிளறுகிற நாளில் அதை எடுத்துக் கட்டினாள், மறுநாள் தண்ணீர் தெளிந்ததும் கழற்றித் துவைத்து அதே ஆணியில் மாட்டினாள். நான் பார்த்தே ஐந்து தடவை. "என்னம்மா, வேணாம்னியே" என்று கேட்டதற்கு, "கலக்குறப்ப வேணும்ப்பா" என்றாள்.

உங்கள் முதல் கடிதம் வந்த அன்றே இதுவும் எனக்கு ஞாபகம் இருந்தது. சொன்னால் உங்கள் பக்கம் பாதி ஜெயித்துவிடும் என்று சொல்லவில்லை. நான் எதையும் மறக்கிறவன் இல்லை.

பை இப்போது ஆணியில் இருக்கிறது. பச்சை நூல் போட்டுத் தைத்தது.

சவரியப்பன்